அப்பாவின் விரலும் உன் அட்டவணையும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கலாம்தான். ஆனால் அப்பாவின் விரல் விஷயத்தில் உனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவர் கைக்கட்டைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாய். கதவில் நசுங்கிவிட்டது என்றார். கிரீஸில் நாங்கள் குடியிருக்கும் இந்தப் பாய்மரப் படகில் இருப்பதே அட்டை மாதிரி இரண்டு கதவுகள். அதில் நசுங்கினால் கதவுக்குத்தான் கட்டுப் போடவேண்டும். நீ இன்னும் படகைப் பார்க்காததால் நம்பிவிட்டாய். உண்மையைச் சொன்னால் "போதும், இரண்டு பேரும் கரைக்கு வந்து சேருங்கள்" என்பாய் என்று பயந்தோம். அவ்வளவுதான்.

அதற்கு மறுநாளே உன் எக்ஸெல் தாள் வந்தது. செப்டம்பரில் நீ எங்களோடு படகில் சுற்ற 10 நாள்: ஹைட்ரா, மிக்கனோஸ், சாண்டோரினி, ரோட்ஸ். ஒவ்வொன்றுக்கும் தேதி, கிளம்பும் நேரம், சேரும் நேரம். ரோட்ஸிலிருந்து திரும்பும் விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது. விரலில் அடிபட்டதும் ஒரு தேதியால்தான்.

போன மாதக் கடைசியில் நாங்கள் மிலோஸ் தீவில் இருந்தோம். தண்ணீர் பம்புக்கு ஒரு உதிரிபாகம் சொல்லியிருந்தோம். சீரோஸ் தீவில் வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தகவல் வந்தது. வானிலை அறிக்கையோ புதனன்று வடக்கிலிருந்து வரும் காற்றின் பலம் பியூஃபோர்ட் அளவில் 6, இரவில் 7 என்றது. புதன் விடிய விடியக் கிளம்பி, செரிஃபோஸில் ராத்தங்கி, வியாழன் சீரோஸ் போய்விடலாம் என்று கணக்குப் போட்டது நான்தான். பழியை அப்பா தலையில் போட்டுவிடாதே. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் போட்ட கணக்கு அது.

மிலோஸிலிருந்து செரிஃபோஸ் நேர்கோட்டில் 25 கடல்மைலுக்குக் கொஞ்சம் மேல். பாய்மரப் படகு காற்றை நோக்கி நேராகப் போகாது. இடமும் வலமுமாகப் பாயை மாற்றி மாற்றி ஏறவேண்டும். அப்படி ஏறி, செரிஃபோஸின் லிவாதி விரிகுடாவுக்குள் நுழையும்போது நன்றாக இருட்டிவிட்டது. பகலில் பார்த்தால் வெளிர்நீலமாகத் தெரிவது மணல், கறுப்பாகத் தெரிவது கடற்புல். மணலில் நங்கூரம் புதையும். புல்லில் சும்மா மாட்டிக்கொண்டு, பிடித்த மாதிரி பாசாங்கு செய்யும். இருட்டில் எல்லாமே கறுப்புதான்.

நங்கூரம் தன் கனத்தால் படகைப் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். பிடிமானம் மண்ணில் புதைவதில் இருக்கிறது. சங்கிலி தரையோடு கிடந்து பக்கவாட்டில் இழுத்தால் நங்கூரம் மேலும் மேலும் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் ஆழத்தைப்போல் 5 மடங்கு சங்கிலி விடவேண்டும், காற்று பலமென்றால் 7 மடங்கு. அன்று ஆழம் 7 மீட்டர். 49 மீட்டர் விட்டிருக்கவேண்டும். நம்மிடம் 60 மீட்டர் இருக்கிறது. அப்பா விட்டது 30. சங்கிலி என்றால் அவருக்கு ஏதோ வங்கியில் போட்ட பணம் மாதிரி.

ராத்திரி 2 மணிக்கு, படகு நகர்ந்தால் எழுப்பும் அலாரம் அடித்தது. வெளியே வந்து பார்த்தால் துறைமுக விளக்குகள் இருந்த இடத்தில் இல்லை. விளக்குகள் நகராது, நாங்கள்தான் நகர்ந்துகொண்டிருந்தோம். பின்னால் ஒரு பெரிய படகின் முகப்பு, கைக்கெட்டும் தூரம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதன் பெயரைப் படிக்க முடிந்தது. நான் எஞ்சினைப் போட்டுச் சுக்கானைப் பிடித்தேன். அப்பா டார்ச்சோடு முன்னால் ஓடினார். சங்கிலியைச் சுருட்டும் மோட்டார் பாதியில் நின்றுவிட்டது. சிக்கியிருந்த கண்ணியைக் கையால் எடுத்துவிடப் பார்த்திருக்கிறார். அந்த நேரம் படகு ஒரு அலையில் தூக்கிப் போட, சங்கிலி விசுக்கென்று இறங்கியது. உருளைக்கும் சங்கிலிக்கும் நடுவில் இடதுகை நடுவிரல்.

சத்தமே போடவில்லை அவர். "என்ன?" என்று கத்தினேன். "ஒன்றுமில்லை, முன்னால் போ" என்றார். மறுபடி நங்கூரம் போட்டு, இந்தத் தடவை 50 மீட்டர் விட்டு, பின்னோக்கி எஞ்சினைக் கொடுத்து இழுத்துப் பார்த்து, பிடித்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் "கொஞ்சம் துணி எடு" என்றார். விடிந்த பிறகு பார்த்தால் முன்தளத்தில் அங்கங்கே ரத்தத் துளிகள் காய்ந்து கிடந்தன.

காலையில் மருத்துவரிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்தார்கள், எலும்புக்கு ஒன்றுமில்லை. 5 தையல். நகம் போய்விட்டது, வரும். இதுதான் முழு உண்மை, ஒன்றையும் மறைக்கவில்லை. அப்புறம் அந்த உதிரிபாகம் இருக்கிறதே, அது வியாழக்கிழமை வரவே இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வந்தது.

இந்தக் காற்றுக்கு இங்கே மெல்டெமி என்று பெயர். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடி, துருக்கிப் பக்கம் குறைந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஏஜியன் கடல் ஒரு ஓடை மாதிரி ஆகிவிடும். ஜூலை, ஆகஸ்ட்தான் உச்சம். நம் மொழியில் வடகாற்றுக்கு வாடை என்று பெயர் இருந்தாலும், வாடை என்றதும் குளிர்தானே நினைவுக்கு வரும்? இது வெயிலில் வருகிற வாடை. மேகம் ஒன்றுகூட இல்லாமல், வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும்போதே 30 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 30 கடல்மைல், அடிக்கும். மலைத்தீவின் மறைவில் போய் ஒதுங்கினால் தப்பிக்கலாம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். மலைமேல் ஏறிய காற்று மறுபக்கம் சரிந்து விழும்போது இன்னும் வேகமாக விழும். லிவாதியில் அன்று விழுந்தது அதுதான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொன்னவர் படகில் இருந்தவர் இல்லை.

மூன்று நாளோ நான்கு நாளோ அடித்துவிட்டு ஓயும். சில சமயம் ஒரு வாரம். எங்களை செரிஃபோஸில் நான்கு நாள் உட்காரவைத்தது. சொன்னால் சிரிப்பாய், இந்த வருஷத்தில் நான் நன்றாகப் பார்த்த ஊர் அதுதான்.

துறையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மலை உச்சியில் உப்பைக் கொட்டிவைத்த மாதிரி வெள்ளையாக ஒரு ஊர். கோரா என்பார்கள். அநேகமாக எல்லாத் தீவிலும் ஒரு கோரா உண்டு, பெரும்பாலும் கடலைவிட்டு எட்டத்தில், மேட்டில். கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து மேலே போய்க் கட்டிக்கொண்டார்கள். பஸ்ஸில் வந்து பார்க்கிறவர்களுக்கு அது அழகான ஊர். படகிலிருந்து பார்க்கும்போது, கொள்ளைக்காரன் எந்த இடத்திலிருந்து பார்த்தானோ அதே இடத்திலிருந்து பார்க்கிறோம். எவ்வளவு தூரம் ஏறவேண்டும், ஏறுவதற்குள் மேலே இருப்பவன் எத்தனை தடவை நம்மைப் பார்த்துவிடுவான் என்பதெல்லாம் சொல்லாமலே புரிகிறது. படியேறி மேலே போனபோது எனக்கு மூன்று இடத்தில் மூச்சு வாங்கியது. நான் கொள்ளையடிக்க லாயக்கில்லை.

மறுநாள் அப்பா தூங்கும்போது, பக்கத்துப் படகுக்காரர்களோடு சேர்ந்து டாக்சியில் தீவின் மேற்குப் பக்கம் போனேன். மேகலோ லிவாதி என்று சின்னக் கடலோரக் கிராமம். அங்கே இரும்புச் சுரங்கம் இருந்தது. 1916 ஆகஸ்டில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 8 மணி நேர வேலை, பாதுகாப்பு என்று கேட்டார்கள். கப்பலில் கனிமம் ஏற்றவிடாமல் நின்றவர்கள்மேல் சுட்டதில் நான்கு தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். கனிமம் ஏற்றிய இரும்புப் பாலம் இன்னும் பாதி நிற்கிறது. தண்டவாளம் கரையிலிருந்து கிளம்பி, கடலுக்குமேல் கொஞ்ச தூரம் போய், அந்தரத்தில் நின்றுவிடுகிறது. அதன் அடியில் ஒரு குழந்தை கழுத்தளவு தண்ணீரில் நின்று விளையாடிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த தூணைத் தொட்டுவிட்டு வந்த என் உள்ளங்கை சாயங்காலம்வரை செங்காவியாகவே இருந்தது. செரிஃபோஸ் போகவேண்டும் என்று நானும் நினைத்ததில்லை, நீயும் உன் தாளில் போடவில்லை.

இப்போது சீரோஸில், எர்மூப்போலி துறையில் கட்டியிருக்கிறோம். இது ஐந்தாம் நாள். இங்கெல்லாம் படகைப் பக்கவாட்டில் கட்டுவதில்லை. முன்னால் கொஞ்ச தூரத்தில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பின்பக்கமாக வந்து கரைக்கு இரண்டு கயிறு கொடுத்துக் கட்டவேண்டும். கரைக்கும் நமக்கும் ஒரு பலகைதான். அதாவது, எங்கள் சமையலறைக்கு வெளியே நேராகக் கடைத்தெரு. சாயங்காலம் ஊரே நடக்க வரும்போது, நான் வெங்காயம் நறுக்குவதை நின்று பார்க்கிறார்கள். முதல் வருஷம் கூச்சமாக இருந்தது, திரையை இழுத்துவிடுவேன். இப்போது நானும் அவர்களைப் பார்க்கிறேன். பக்கத்தில் புதிதாக ஒரு படகு வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர்கள் வீசும் கயிற்றை வாங்கிக் கட்டவேண்டும். அது எழுதாத சட்டம். பெரிய பயணிகள் கப்பல் ஒவ்வொன்றும் உள்ளே வரும்போது எழுப்பும் அலையில் அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்பதும் இங்கே பழகிவிட்டது.

ஊரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ வருவது இங்கேதான் (அது பிறகு). மற்ற தீவுகளில் வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாகப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், தப்பான நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். சலவைக்கல் பதித்த தெருக்கள், மாளிகை மாதிரி நகரமன்றம், 1864-இல் திறந்த அப்பல்லோ நாடக அரங்கு. ஒன்றுமில்லாத துறையாக இருந்த இடம் இது. 1820-களில் கிரேக்க விடுதலைப் போரின்போது கியோஸ், ப்சாரா போன்ற தீவுகளிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் இறங்கிய இடம். கையில் ஒன்றும் இல்லை, ஆனால் வந்தவர்களில் பலர் வியாபாரிகள், கப்பல்காரர்கள். வணிகக் கடவுள் ஹெர்மிஸின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். சில பத்தாண்டுகளில் கிரீஸின் முதன்மைத் துறைமுகம் இதுவே ஆகிவிட்டது. அப்புறம் ஏதென்ஸுக்குப் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸ் வளர்ந்தது, இது ஓய்ந்தது. கப்பல் தலைவர்கள் கட்டிய வீடுகள் மட்டும் கடலோரப் பாறைமேல் இன்னும் வரிசையாக நிற்கின்றன.

இரண்டு குன்றுகள். ஒன்றின் உச்சியில் கத்தோலிக்கர்களின் பேராலயம், அதைச் சுற்றி வெனிசியர் காலத்துப் பழைய ஊர். இன்னொன்றின் உச்சியில் ஆர்த்தடாக்ஸ் கோயில். இரண்டு பக்கமும் மணி அடிக்கும், நாங்கள் நடுவில். கீழே துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாதாவின் துயில் கோயிலில் புகழ்பெற்ற பழைய ஓவியர் எல் கிரெக்கோ வரைந்த சிறிய ஓவியம் ஒன்று இருக்கிறது. அவருடையது என்றே யாருக்கும் தெரியாமல் இருந்து, 1983-இல்தான் அதில் அவர் கையெழுத்தைக் கண்டுபிடித்தார்கள். நான் மூன்று தடவை போய்விட்டேன். மூன்றாவது தடவை, வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு ஊரில் ஐந்து நாள் இருந்தால்தான் இப்படி யாராவது தலையசைப்பார்கள்.

சரி, உன் தாளுக்கு வருகிறேன்.

சாண்டோரினிக்குப் படகில் வேண்டாம். அது சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து உள்ளே சரிந்த பள்ளம். உள்பக்கம் கரையை ஒட்டியே ஆழம் மளமளவென்று இறங்கி, நடுவில் 300 மீட்டருக்கும் மேல் போகிறது. நம் சங்கிலி 60 மீட்டர். அப்பாவை நம்பி 30 என்று வைத்துக்கொள். ஆசையாக இருந்தால் கப்பலில் போய்விட்டு வா.

ஹைட்ரா நல்ல ஊர். கார் கிடையாது, பெட்டி படுக்கையெல்லாம் கழுதைமேல்தான் ஏறும். ஆனால் கைக்குட்டை அளவு துறைமுகம். படகுகள் ஒன்றன்முன் ஒன்றாக இரண்டு மூன்று வரிசை கட்டும். எல்லாருடைய சங்கிலியும் அடியில் பின்னல் போட்டுக் கிடக்கும். போன வருஷம் காலை 8 மணிக்குக் கிளம்பலாம் என்று நங்கூரத்தைத் தூக்கினால் அடுத்தவர் சங்கிலியும் சேர்ந்து வந்தது. அதன் அடியில் ஒரு கயிற்றைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்து, நம்முடையதை இறக்கி, விலக்கி, விட்டால், அதற்கடியில் இன்னொருவருடையது. வெளியே வரும்போது 10 மணி. கரையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மிக்கனோஸைவிட அதற்குப் பக்கத்திலிருக்கும் டெலோஸைப் பார். கி.மு. 166-இல் ரோமர்கள் வரியில்லாத் துறைமுகமாக்கியபோது கடல் வணிகமெல்லாம் அங்கே வந்து குவிந்தது. இப்போது இடிபாடுகளும் காவலர்களும் பல்லிகளும்தான். அதற்கும் முன்னால், கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் தீவைப் புனிதப்படுத்துகிறோம் என்று, அங்கே யாரும் பிறக்கவும் கூடாது சாகவும் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். இப்போதும் ராத்தங்க அனுமதி இல்லை. பகலில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடவேண்டும்.

ரோட்ஸ் இங்கிருந்து சுமார் 170 கடல்மைல். நாம் போகும் வேகம் 5 நாட். வகுத்துப் பார்: 34 மணி நேரம், நிற்காமல், இரவும் பகலும், அதுவும் காற்று ஒத்துழைத்தால். உன் தாளில் அதற்குக் காலை 9 முதல் மாலை 5 வரை என்று போட்டிருக்கிறாய். அது என்ன கணக்கு என்று யோசித்தேன். பயணிகள் கப்பலின் வேகத்தை வைத்துப் போட்டிருப்பாய்.

போன இலையுதிர்காலத்தில் கலிம்னோஸில் மாட்டிக்கொண்டதை உனக்கு எழுதினேனா? கடற்பஞ்சு எடுத்துப் பிழைத்த தீவு. 19-ஆம் நூற்றாண்டில் செம்புத் தலைக்கவசம் வைத்த மூழ்கு உடை வந்தது. ஆழத்தில் நீண்டநேரம் இருக்க முடிந்தது. ஆனால் மேலே வரும்போது மெதுவாக வரவேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் காற்றுக்குமிழ் உண்டாகும் என்று அன்று அவர்களுக்குத் தெரியாது. எத்தனையோ பேர் செத்தார்கள், எத்தனையோ பேருக்குக் கால் விழுந்தது. ஒரு சாயங்காலம் துறையில் ஆட்டம் நடந்தது. தோளோடு தோள் கோத்த வரிசை, முன்னால் ஒருவர் கைத்தடியோடு. எல்லாரும் துள்ள, அவர் கால் மட்டும் வெடவெடவென்று நடுங்குகிறது. ஊன்றப் பார்க்கிறார், மடங்குகிறது. அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நான் எழுந்தேவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, ஆட்டமே அப்படித்தான், முடங்கிப்போன மூழ்காளி ஆடுவது என்றார். அதற்கப்புறம் நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நடுக்கத்திலும் தாளம் தப்பவில்லை. அன்றைக்குக் காற்று அடிக்காமல் இருந்திருந்தால் மதியமே கிளம்பிப் போயிருப்போம்.

அதனால் இப்படிச் செய். ஏதென்ஸ் வந்து, பிரேயஸிலிருந்து கப்பல் பிடித்து எர்மூப்போலிக்கு வந்துவிடு. 4 மணி நேரம் ஆகும். நாங்கள் துறையிலேயே இருப்போம், பலகையைப் போட்டுவைக்கிறேன். அதற்கப்புறம் தேதி எதுவும் வேண்டாம். வாடை அடித்தால் அதன் முதுகில் ஏறித் தெற்கே நாக்ஸோஸ் போகலாம். துறைக்குள் நுழையும்போதே, கட்டி முடிக்காத அப்பல்லோ கோயிலின் வாசல் மட்டும் கோயில் இல்லாமல் தனியாக நிற்பது தெரியும். காற்று ஓய்ந்தால் மேற்கே கித்னோஸ். அங்கே வெந்நீர் ஊற்று கடலோரத்திலேயே வந்து கலக்கிறது, கல்லடுக்கித் தொட்டி மாதிரி செய்திருக்கிறார்கள், அப்பாவின் முட்டிக்கும் நல்லது. ஒன்றுமே சரிப்படவில்லையென்றால் பத்து நாளும் இங்கேயே. ரோட்ஸ் டிக்கெட்டை மாற்ற முடியுமா பார், இன்றே பார்.

சக்கரம் வைத்த பெட்டி கொண்டுவராதே, வைக்க இடமில்லை. மடித்துச் சுருட்டுகிற பை போதும். கறுப்பு அடி வைத்த செருப்பு தளத்தில் கறை போடும், அதுவும் வேண்டாம். தண்ணீர்த் தொட்டி 300 லிட்டர்தான், நீ வீட்டில் குளிக்கிற மாதிரி குளித்தால் மூன்றாம் நாள் காலி. அதை வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். அப்பாவுக்குப் படிக்கிற கண்ணாடி இரண்டு வாங்கி வா. பழையது கடலில் இருக்கிறது.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. கதவு என்றே சொல்லிக்கொண்டிருக்கட்டும், நீயும் ஒன்றும் தெரியாத மாதிரி எந்தக் கதவு என்று கேள். என்ன சொல்கிறார் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா